பள்ளி வேளாண் ஆசிரியர் மறுபடியும் படிக்கப் போவது எதற்காக?



கோடை விடுமுறையில் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடக்கும். அந்த நாட்களில் சில மேல்நிலைப் பள்ளி வேளாண் ஆசிரியர்கள் மட்டும் கையில் ஒரு பையுடன் பயிற்சிக்குப் புறப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். "இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவருக்கு இன்னும் என்ன படிப்பு?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் அங்கே கற்பதும், கற்காமல் விடுவதும் உங்கள் வயலைத் தொடும் சமாச்சாரம். ஆகவே இந்த வாரம் அதையே பாடமாக எடுத்துக் கொள்வோம்.

பள்ளியில் வேளாண்மை வந்த கதை

நம் மாநிலத்தில் வேளாண் கல்வி சென்னையில்தான் தொடங்கியது. 1868-ல் சைதாப்பேட்டையில் ஏற்பட்ட வேளாண் பள்ளியே பின்னர் 1906-ல் கோவைக்கு மாறிக் கல்லூரியாக வளர்ந்தது. 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று.

மேல்நிலைப் பள்ளிகளுக்கு வேளாண்மை ஒரு தொழிற்பாடமாக வந்தது 1978-ல். அந்த ஆண்டுதான் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகள் பள்ளியோடு சேர்ந்தன. அதே ஆண்டு மால்கம் ஆதிசேசய்யா தலைமையில் அமைந்த தேசியக் குழு மேல்நிலைக் கல்வியை ஆராய்ந்து அறிக்கை தந்தது. கையால் செய்து கற்பதே அந்த அறிக்கையின் அடிநாதம். பிறகு 2018, 2019 ஆண்டுகளில் பாடத்திட்டம் திருத்தப்பட்டு, வேளாண் அறிவியலுக்குப் புதுப் புத்தகங்கள் வந்தன.

புத்தகம் மாறியது சரி. ஆசிரியர் மாற வேண்டாமா? அவர் கல்லூரியை விட்டு வெளியே வந்து இருபது, முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கலாம். புதுப் புத்தகத்தைப் பழைய கண்ணோடு படித்தால் பழைய பாடமே வெளியே வரும்.

முதல் காரணம்: கற்ற பாடம் காலாவதியாகிறது

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1980-களில் வேளாண்மை படித்தவர்கள் எல்லோரும் பி.எச்.சி. 10 சதத் தூளை மனப்பாடம் செய்தவர்கள். நெல்லுக்கும் அதுதான், காய்கறிக்கும் அதுதான், வண்டுக்கும் அதுதான், எறும்புக்கும் அதுதான். அன்றைய சிபாரிசு அப்படி. அந்த மருந்து மண்ணிலும் பாலிலும் தங்கி நிற்பது தெரிய வந்த பின், 1997 ஏப்ரல் முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. எண்டோசல்பானை 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிப் பயிர்களில் தெளிக்கக் கூடாது என்று 2005-லேயே உத்தரவாயிற்று.

இந்த மூன்று உத்தரவுகளும் ஓர் ஆசிரியரின் பணிக் காலத்துக்குள் வந்தவை. அவர் கற்ற பாடமும் தவறல்ல, அவரும் தவறானவர் அல்ல. ஆனால் பழைய குறிப்பேட்டையே பார்த்துக் கரும்பலகையில் எழுதினால், முப்பது மாணவர்கள் அதை முப்பது வீடுகளுக்கு எடுத்துப் போவார்கள். ஒரு விவசாயி தவறினால் ஒரு வயல் கெடும். ஆசிரியர் தவறினால் ஊரே தவறும். பயிற்சிக்குப் போவதன் முதல் காரணம் இதுதான்.

இரண்டாம் காரணம்: புதுப் பகைவர்கள் வருகிறார்கள்

2008-ல் கோவைப் பகுதியில் பப்பாளி மரங்களில் வெள்ளைப் பஞ்சு போல ஒரு பூச்சி அடையாய் அப்பியது. பப்பாளி மாவுப்பூச்சி என்று பெயர். மல்பெரி, மரவள்ளி, பருத்தி, காய்கறி என்று பரவியது. மேலே மாவு போன்ற மெழுகு இருப்பதால் மருந்து உள்ளே இறங்கவில்லை. மருந்துச் செலவு ஏறியது, பூச்சி குறையவில்லை.

2010-ல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் இந்தியாவுக்குத் தருவிக்கப்பட்டன. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு சிறியவை. அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவி நம் ஊரில் நன்றாக நிலைத்தது. வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மற்ற நிலையங்களும் இதைப் பெருக்கி வயல்களில் விட்டன. மாவுப்பூச்சி அடங்கியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. குளவி விட்ட வயலில் கடுமையான மருந்து தெளித்தால் குளவிதான் முதலில் சாகும். இது தெரிந்த ஆசிரியர், "பூச்சியைக் கண்டதும் தெளிப்பானைத் தூக்காதே, முதலில் இலையைத் திருப்பிப் பார்" என்று சொல்லித் தருவார். தெரியாதவர் மருந்தின் பெயரைச் சொல்லித் தருவார். 2018-ல் மக்காச்சோளத்துக்கு வந்த படைப்புழுவும் அவர் படித்த காலத்துப் புத்தகத்தில் இல்லாதது. இவற்றை அறியப் பயிற்சியைத் தவிர வேறு வழி குறைவு.

மூன்றாம் காரணம்: காலடி நிலமே மாறுகிறது

இது முக்கியமானது. சற்று விரிவாகப் பார்ப்போம்.

வட சென்னைக் கொடுங்கையூரை எடுத்துக் கொள்ளுங்கள். "கொடுங்கையூரில் விவசாயம் ஏது?" என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் நகரக் கழிவுநீரைப் பாய்ச்சி நீர்ப்புல் வளர்த்து, கறவை மாடுகளுக்குத் தீனியாக்கிய பகுதி அது. பின்னர் வட சென்னையின் குப்பை மலையும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் அதன் அடையாளமாயின. அங்கே சுத்திகரித்த நீரை மணலித் தொழிற்சாலைகள் 1990-களிலிருந்து வாங்கி உபயோகிக்கின்றன. 2019-ல் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீரை மேலும் தூய்மையாக்கும் நிலையமும் அங்கே செயல்படத் தொடங்கியது.

இப்படிப்பட்ட ஊரிலும் அதைச் சுற்றிலும் இருந்து வரும் மாணவனுக்குத் தஞ்சாவூர் வண்டல் மண்ணை மட்டும் பாடமாகச் சொன்னால் என்ன பிரயோஜனம்? அவன் வீட்டில் இரண்டு எருமை இருக்கும், அல்லது கால்வாய் ஓரம் கீரைப் பாத்தி இருக்கும். அவனுக்குத் தெரிய வேண்டியவை வேறு.

கழிவுநீரில் தழைச்சத்து உண்டு. அதனால் கீரை கருகருவென்று வளரும். ஆனால் அதே நீரில் குடற்புழு முட்டைகளும் நோய்க் கிருமிகளும் இருக்கும். பச்சையாகத் தின்னும் காய்கறிக்குப் பாய்ச்சும் நீரில் லிட்டருக்கு ஒரு புழு முட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989-ல் வரம்பு சொன்னது. தொழிற்சாலைக் கழிவு கலந்திருந்தால் காரீயம், காட்மியம் போன்ற உலோகங்களும் சேரும். கீரை வகைகள் இவற்றை இலையில் ஏற்றிக் கொள்ளும், கழுவினாலும் போகாது.

நகரக் குப்பை உரமும் அப்படித்தான். மக்கிய குப்பையை விலை குறைவு என்று வண்டி வண்டியாக வாங்குவதற்கு முன், பகுப்பாய்வு அறிக்கை கேட்க வேண்டும். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் குப்பை உரத்தில் கிலோவுக்குக் காரீயம் 100 மில்லி கிராமுக்கும், காட்மியம் 5 மில்லி கிராமுக்கும் மேல் இருக்கக் கூடாது. கண்ணாடிச் சில்லும் பிளாஸ்டிக்கும் கண்ணுக்குத் தெரியும், காட்மியம் தெரியாது. இதைப் பழைய கல்லூரிப் பாடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

இனி கொடுங்கையூரிலிருந்து வடக்கே போவோம். மணலி தாண்டி, மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் நெல் வயல்கள் வந்துவிடும். அங்கே பிரச்சினை உப்பு. நகரக் குடிநீருக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் மீஞ்சூர் பகுதி ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து ஏராளமாக நீர் இறைக்கப்பட்டது. விவசாயமும் தன் பங்குக்கு இறைத்தது. நிலத்தடி நீர் மட்டம் கடல் மட்டத்துக்குக் கீழே போனதும் கடல்நீர் உள்ளே நகர்ந்தது. 1960-களின் இறுதியிலேயே கவனிக்கப்பட்ட இந்த மாற்றம், பின்னர் பல கிலோமீட்டர் உள்நாட்டுக்குப் பரவியது.

தாத்தா காலத்தில் இனித்த கிணறு பேரன் காலத்தில் கரிக்கிறது. பேரன் படிக்கும் பள்ளியின் ஆசிரியருக்கு இரண்டு விஷயங்கள் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, நீரின் உப்பை அளப்பது. மின்கடத்து திறன் என்ற அளவு 0.7-க்குள் இருந்தால் பயமில்லை. 0.7 முதல் 3 வரை பயிரைப் பார்த்து, வடிகால் வசதி பார்த்துப் பாய்ச்ச வேண்டும். 3-க்கு மேல் போனால் பெரும்பாலான பயிருக்கு ஆபத்து. இதைக் காட்டும் கருவி பேனா அளவில் சட்டைப் பையில் வைக்கும்படி வந்துவிட்டது. உபயோகிக்கும் முறையை ஒரு பொழுதில் கற்றுக் கொள்ளலாம்.

இரண்டு, உவர் நிலம் வேறு, களர் நிலம் வேறு என்று பிரித்தறிவது. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் அநேகம். உவர் நிலத்தில் கரையும் உப்பு மிகுதி. மண் சாற்றின் மின்கடத்து திறன் 4-க்கு மேல் இருக்கும். நல்ல நீரைத் தேக்கி, வடித்து, மறுபடி தேக்கி வடித்தால் உப்பு இறங்கும். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது நல்லது. இதற்கு ஜிப்சம் இடுவது வீண் செலவு. களர் நிலத்திலோ சோடியம் மிகுதி. கார அமில நிலை 8.5-க்கு மேல் போகும். நீர் இறங்காமல் கலங்கி நிற்கும். அங்கேதான் மண் பரிசோதனைப்படி ஜிப்சம் இட்டு, நீர் நிறுத்தி, வடிக்க வேண்டும். திருச்சி வேளாண்மைக் கல்லூரியிலிருந்து வந்த டிஆர்ஒய் நெல் ரகங்கள் களருக்கு ஏற்றவை.

இந்த ஒரு வேறுபாட்டை ஆசிரியர் பரிசோதனைக் கூடத்தில் தன் கையால் செய்து பார்த்துத் திரும்பினால், ஊரில் எத்தனை மூட்டை ஜிப்சம் மிச்சமாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான்காம் காரணம்: பேச்சுத் துணை இல்லை

ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்குக்கு இரண்டு, மூன்று ஆசிரியர்கள் இருப்பார்கள். ஒருவருக்கு ஐயம் வந்தால் அடுத்தவரைக் கேட்கலாம். வேளாண் ஆசிரியர் பெரும்பாலும் ஒருவரே. தோட்டத்துக்கு நீர் எங்கிருந்து வருவது, விடுமுறையில் செடியை யார் பார்ப்பது, நகரத்துப் பிள்ளைக்கு உழவைப் பற்றி எப்படி ஆர்வம் ஊட்டுவது என்பதையெல்லாம் அவர் தனியே யோசிக்க வேண்டியிருக்கிறது. பயிற்சியில் மற்ற ஊர் ஆசிரியர்களைச் சந்திக்கும்போது இதற்கெல்லாம் விடை கிடைக்கிறது. எங்களிடம் வரும் ஆசிரியர்கள் வகுப்பில் கேட்டதைவிடத் தேநீர் இடைவேளையில் ஒருவரையொருவர் கேட்டுத் தெரிந்து கொண்டது அதிகம் என்று சொல்வதுண்டு. நாங்கள் அதைக் குறையாக எடுத்துக் கொள்வதில்லை.

சம்பளத்துக்காகவா?

சிலர் இப்படியும் கேட்பார்கள். ஒளிக்காமல் சொல்கிறேன். சான்றிதழும் பதவி உயர்வும் எந்த உத்தியோகஸ்தருக்கும் ஓரளவு தூண்டுகோல்தான். ஆனால் தொழிற்கல்வி ஆசிரியருக்குப் பதவி உயர்வுப் படிகள் குறைவு. கூடுதல் பட்டம் பெற்றால் ஊதிய உயர்வு என்ற பழைய முறையையும் தமிழக அரசு 2020-ல் கைவிட்டது. இத்தனைக்குப் பிறகும் விடுமுறையை விட்டுக் கொடுத்து வருகிறவரைப் பணம் மட்டும் இழுத்து வரவில்லை. மாணவன் எழுந்து நின்று, "சார், எங்கள் கிணறு ஏன் கரிக்கிறது?" என்று கேட்கும்போது, விடை தெரிந்து நிற்க வேண்டும் என்ற ரோஷமும் ஒரு காரணம்.

எப்படிப்பட்ட பயிற்சி வேண்டும்?

எல்லாப் பயிற்சியும் நல்ல பயிற்சி ஆகிவிடாது. காலை முதல் மாலை வரை நாற்காலியில் உட்கார வைத்துப் பேசி, மாலையில் சான்றிதழ் கொடுத்து அனுப்பினால் ஆசிரியருக்கும் லாபமில்லை, உங்களுக்கும் லாபமில்லை. 2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை ஓர் ஆசிரியர் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது தம் தொழிலறிவை வளர்த்துக் கொள்ள வேண்டும் என்கிறது. மணிக் கணக்கு மட்டும் நிறைந்தால் போதாது. அந்த 50 மணியில் எத்தனை மணி அவர் கையில் மண் ஒட்டியது என்பதே கேள்வி.

அமெரிக்காவில் 1917-ல் ஸ்மித்–ஹியூஸ் சட்டம் வந்தபோது பள்ளி வேளாண் ஆசிரியரின் சம்பளத்துக்கும், அவரைப் பயிற்றுவிக்கவும் மத்திய அரசே பணம் ஒதுக்கியது. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது. மாணவன் ஆண்டில் ஆறு மாதமாவது பள்ளிப் பண்ணையிலோ வேறு பண்ணையிலோ ஆசிரியர் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும் என்பதே அது. அதனால் ஆசிரியர் மாணவர் வீட்டு வயலுக்குப் போக வேண்டி வந்தது. போனவர் விவசாயியிடமும் கற்றார். இந்த ஏற்பாடு நமக்கும் ஏற்றதே.

திருவள்ளூர் மாவட்டத்தில் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. 1942-ல் தொடங்கிய அந்த ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம். 6 நெல்தான் புகழ்பெற்ற ஐ.ஆர். 20 ரகத்தின் பெற்றோரில் ஒன்று. மாதவரத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. தேசிய அளவில் போபாலில் 1993 முதல் மத்திய தொழிற்கல்வி நிறுவனம் உள்ளது. வட சென்னை ஆசிரியர் பக்கத்து நிலையத்தில் தொடங்கலாம். வாய்ப்புக் கிடைத்தால் போபால் வரை போகலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

ஆசிரியரின் படிப்பில் உங்களுக்கும் பங்கு உண்டு. நான்கு யோசனைகள் சொல்கிறேன்.

1. கேள்வியைக் கொடுத்து அனுப்புங்கள். ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் முன், உங்கள் பயிரில் விடை தெரியாத ஒரு விஷயத்தை எழுதிக் கொடுங்கள். நோய் கண்ட இலை, நீர், மண் மாதிரியையும் கொடுங்கள். மண் மாதிரிக்கு ஒரு வயலில் 10 முதல் 15 இடங்களில் ஆங்கில 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, ஓரத்து மண்ணைச் சீவி எடுத்துக் கலந்து, கால் பங்கு முறையில் அரைக் கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்தித் துணிப் பையில் போடவும். வரப்பு ஓரமும், எருக்குவியல் இருந்த இடமும், மர நிழலும் வேண்டாம்.

2. ஐந்து சென்ட் நிலம் கொடுங்கள். பிள்ளை பள்ளியில் கற்றதைச் செய்து பார்க்க வயலில் ஒரு மூலை போதும். முதல் பருவத்துக்கு நெல் விதைத் தேர்வையே கொடுக்கலாம். ஒரு வாளி நீரில் நல்ல கோழி முட்டையைப் போட்டு, முட்டையின் மேல்பாகம் ஒரு நாணய அளவு வெளியே தெரியும் வரை உப்பைக் கரைக்க வேண்டும். பிறகு முட்டையை எடுத்துவிட்டு விதையைப் போட்டு, மிதக்கும் பதரை நீக்கி, மூழ்கிய விதையை நல்ல நீரில் இரண்டு, மூன்று முறை கழுவ வேண்டும். அதில் 100 விதையை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, ஒரு வாரம் கழித்து எண்ண வேண்டும். 80-க்குக் குறைந்தால் அந்த விதை வேண்டாம். விதைக்கும் முன் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைநேர்த்தி செய்யவும். இதே விதையை முன்பு பாதரச மருந்தில் புரட்டியவர்கள் உண்டு. மாணவனே உங்களுக்கு மாற்றைக் காட்டட்டும்.

3. பள்ளிக்குப் போய்ப் பேசுங்கள். பெற்றோர்–ஆசிரியர் கழகக் கூட்டத்தில் பரீட்சை மதிப்பெண்ணோடு பேச்சை நிறுத்தாதீர்கள். "வேளாண் பாடத்துக்குத் தோட்டம் உண்டா? ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா? சென்ற ஆண்டு அவரைப் பயிற்சிக்கு அனுப்பினீர்களா?" என்று கேளுங்கள். கேட்பாரில்லாத பாடம்தான் முதலில் மூடப்படும். ஆசிரியர் ஓய்வு பெற்றபின் அந்த இடம் காலியாகவே கிடந்தால், சில வருஷங்களில் பாடமும் போய்விடும். போனதைத் திரும்பக் கொண்டு வருவது எளிதல்ல.

4. நீங்கள் அறிந்ததைச் சொல்லிக் கொடுங்கள். எந்த மாதத்தில் கிணறு கரிக்கத் தொடங்குகிறது, எந்தப் பாத்தியில் நாற்று மஞ்சளாகிறது, எந்த ரகம் உப்பைத் தாங்கி நின்றது என்பது ஆராய்ச்சி நிலையத்துக்கும் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். பருவத்துக்கு ஒருமுறை மாணவர்களை வயலுக்கு அழைத்து வரும்படி ஆசிரியரிடம் சொல்லுங்கள். வரப்பில் நின்று நீங்கள் பேசும் அரை மணி நேரம் அவருக்கும் ஒரு பயிற்சிதான்.

முடிவாக

விதையைப் புதுப்பிக்காமல் பத்து வருஷம் அதே நெல்லை விதைத்தால் கலப்பு ஏறி விளைச்சல் இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் மூன்று, நான்கு பருவத்துக்கு ஒருமுறை நல்ல விதை வாங்குகிறீர்கள். அறிவும் அப்படித்தான். உங்கள் ஊர் வேளாண் ஆசிரியர் இந்தக் கோடையில் பயிற்சிக்குப் புறப்பட்டால் வழியனுப்பி வையுங்கள். திரும்பி வந்ததும், "என்ன சார், புதிதாக என்ன கற்று வந்தீர்கள்?" என்று கேளுங்கள். கேட்கிறவர்கள் இருக்கும் ஊரில் ஆசிரியர் படிப்பதை நிறுத்துவதில்லை.